பெடல் மேல் யார் கால்?

மார்ச் 4

திருகாணி,

அன்புள்ள தம்பிக்குன்னு ஆரம்பிக்க கை வரல. அதனால சின்ன வயசுல நாங்க வச்ச பேரையே போட்டுட்டேன். பத்து நாளா நீ போன் பண்ற, நான் எடுக்கல. எடுத்தா நான் கத்துவேன், நீ "அக்கா, ஒரு நிமிஷம் கேளு"ன்னு ஆரம்பிப்ப, பாதியில யாராவது ஒருத்தர் வச்சிடுவோம். காகிதத்துல எழுதினா உன்னால குறுக்க பேச முடியாது.

நடந்ததை முதல்ல இருந்தே சொல்றேன். கார் வாங்கி பதினாலு மாசம் ஆகுது. ஓடினது பதிமூணாயிரம் கிலோமீட்டர். என் வேலை உனக்குத் தெரியும். காலையில ஆறு மணிக்குக் கிளம்பி, லேபுக்காக வீடு வீடா போய் ரத்தம் எடுக்கணும். பின் சீட்டுல ஐஸ் பெட்டி, எட்டு ஒன்பது வீடு, பாதிப் பேர் படியிறங்க முடியாதவங்க. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி மேட்டுல ஏறும்போது இன்ஜின் அலறுது, வண்டி நகர மாட்டேங்குது. கருகின வாடை. பின்னாடி நிக்கறவங்க ஹாரனை விட்டுக் கையையே எடுக்கல. யாரோ ரெண்டு பேர் தள்ளி ஓரமா விட்டாங்க. ரத்தமெல்லாம் வீணாப் போச்சு. மறுநாள் ஒரு பெரியவர், "மறுபடியும் குத்தணுமாம்மா?"ன்னு கையை நீட்டினப்போ என்னால அவர் முகத்தைப் பார்க்க முடியல.

சர்வீஸ் சென்டர்ல கிளட்ச் பிளேட் ஆணி வரைக்கும் தேஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. வாரன்டி ரெண்டு வருஷம் இருக்கேன்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "மேடம், கிளட்ச் மேலேயே கால் வச்சு ஓட்டியிருக்கீங்க. லேடீஸ் நிறைய பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு"ன்னார். அப்புறம் உன் மாமா பக்கம் திரும்பி, "சார் என்ன வேலை?"ன்னு கேட்டார். இவர், "கம்பெனி பஸ் டிரைவர்"னார். "அட, அப்ப வீட்லயே வாத்தியார் இருந்தும் கத்துக்கலையா!" அங்க உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. உன் மாமாவும் சிரிச்சார். தரையைப் பார்த்துக்கிட்டு.

ஒரு வாரம் கழிச்சு உங்க கம்பெனி தலைமை அலுவலகத்துல இருந்து கடிதம் வந்தது. 'உரிமையாளரின் தவறான ஓட்டும் பழக்கத்தால் ஏற்பட்ட தேய்மானம். வாரன்டியில் சேராது.' கீழே ஒரு கையெழுத்து, வாலை மேல தூக்கிச் சுழிச்சு. பெயர் எதுக்கு எனக்கு? அப்பா கையெழுத்தை ரேங்க் கார்டுல போடறதுக்கு நீ நோட்டு நோட்டா பழகினப்போ பக்கத்துல உட்கார்ந்து காவல் காத்தவ நான்.

பதினோரு வருஷமா ஓட்டறேன்டா. பழைய வண்டியை விக்கற வரைக்கும் அதுல கிளட்ச் மாத்தினதே இல்ல. இது தயாரிப்புக் கோளாறுன்னு எழுதிக் கொடு. இல்லன்னா நான் நுகர்வோர் மன்றத்துக்குப் போறேன். மனுவுல உன் பேரும் வரும். அதை நினைச்சுத்தான் இதுவரைக்கும் போடாம இருக்கேன்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குறுக்கே பேசாமல் முழுவதும் படித்தேன், இரண்டு முறை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசைக்கு மாதம் முந்நூறு கோப்புகள் வரும். அவற்றில் பெயர் இருக்காது. வண்டியின் எண், ஓடிய தூரம், கழற்றிய பாகத்தின் புகைப்படங்கள், சர்வீஸ் சென்டரின் குறிப்பு, அவ்வளவுதான். அது உன் வண்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கோப்பைப் பக்கத்து மேசைக்குத் தள்ளியிருப்பேன். உனக்குச் சாதகமாக எழுதியிருக்க மாட்டேன். இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது சொல்வதற்குக் கஷ்டமானது. உன் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு புகைப்படங்கள், அதில் ஒன்று மங்கல். அந்தப் பாகங்களை நான் கையில் தொட்டதே இல்லை. 'தவறான ஓட்டும் பழக்கம்' என்ற வரி எங்கள் கணினியில் தயாராக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதனால் ஒரு உதவி செய். பழைய கிளட்சை அவர்கள் இன்னும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். புதியதை உங்கள் செலவில் மாற்றியிருந்தால் பழையது உங்களுடையது, கேட்டு வாங்கலாம். கிளட்ச் பிளேட், அதை அழுத்தும் மூடி, நடுவில் இருக்கும் பேரிங், மூன்றையும் அனுப்பு. கிளட்ச் பெடலின் மேல் இருக்கும் ரப்பரையும் கழற்றி அனுப்பு. கையாலேயே உருவிவிடலாம். வண்டியை யார் யார் எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள் என்றும் எழுது.

தயாரிப்புக் கோளாறு என்று தெரிந்தால் என் கையெழுத்தை நானே அடித்துவிட்டு மாற்றி எழுதுவேன். மேலாளர் குதிப்பார், குதிக்கட்டும். கோளாறு இல்லை என்றால் அதையும் எழுதுவேன். மனுவைப் போடுவது உன் உரிமை. நான் தடுக்கவில்லை.

பாப்பா எப்படி இருக்கிறாள்? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 15

திருகாணிக்கு,

இதோட ஒரு பார்சல் வருது. எட்டு கிலோ. கூரியர்காரர், "உள்ளே என்னம்மா, அம்மிக்கல்லா?"ன்னு கேட்டார். "இல்லப்பா, என் மானம்"னு சொன்னேன். அவருக்குப் புரியல.

இதை வாங்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடுச்சு. முதல் நாள் இல்லன்னாங்க. ரெண்டாம் நாள் எடைக்குப் போட்டாச்சுன்னாங்க. மூணாம் நாள் நானே பின்பக்கம் போய் எண்ணெய் பீப்பாய் பக்கத்துல இருந்த குவியலைக் கிளறினேன். வண்டி நம்பரை சாக்பீஸ்ல எழுதிக் கட்டி வச்சிருந்தது அப்படியே இருந்தது. புடவை முழுக்க கிரீஸ். அந்தக் கவுண்டர்காரர், "மேடம், வீட்டுல ஷோ கேஸ்ல வைக்கவா?"ன்னார். "ஆமா, பக்கத்துலயே உங்க போட்டோவும் வைக்கிறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

உன் மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கல. "புதுசு மாட்டியாச்சு, வண்டி ஓடுது, விட்டுத் தள்ளேன். எதுக்குக் கிண்டிக் கிளறிக்கிட்டு?"ன்னு ரெண்டு நாளா முணுமுணுப்பு. புது கிளட்ச் செலவை அவர்தான் ஏத்துக்கிட்டார், ஒரு வார்த்தை பேசாம. நான் கேட்டேன், "உங்க பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியலன்னு ஊரே சொல்லுது, உங்களுக்கு உறுத்தலையா?"ன்னு. எழுந்து மாடிக்குப் போயிட்டார். பாப்பா, "அப்பாவைத் திட்டாதம்மா"ன்னு முறைக்கிறா. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஓட்டுகூட இல்ல.

நீ கேட்டதுக்குப் பதில். காலையில ஆறுல இருந்து பத்து மணி வரைக்கும் நான். பழக்கம் மாறல, செருப்பைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஓட்டறேன். வெறுங்காலுக்குத்தான் பெடல் எவ்வளவு இறங்குதுன்னு தெரியும். பதினோரு மணிக்கு உன் மாமா வண்டியை எடுத்துக்கிட்டு பஸ் நிறுத்துற ஷெட்டுக்குப் போவார், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவார். ஞாயித்துக்கிழமையும் அவர்தான் ஓட்டுவார். அவர் இருபத்திரண்டு வருஷமா பஸ் ஓட்டறவர், அவரைப் பத்தி நீ யோசிக்க வேண்டியதே இல்ல.

பெடல் ரப்பரை பழைய துணியில சுத்தி வச்சிருக்கேன். புதுசு வாங்கிப் போட்டாச்சு.

மனு எழுதி வச்சிருக்கேன். உன் பதில் வந்த பிறகு போடறேன். அதுவரைக்கும் உன்னை நம்பறேன்னு அர்த்தம் இல்ல. காத்திருக்கேன், அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

பார்சல் வந்த அன்றே அலுவலகப் பட்டறையில் எல்லாவற்றையும் பிரித்து மேசையில் பரப்பினேன். இந்த முறை புகைப்படம் இல்லை, என் கையும் கண்ணும்தான். கோளாறு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டே தேடினேன். எண்ணெய் கசிந்திருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, மூடி கோணலாக உட்கார்ந்திருந்ததா என்று அளந்து பார்த்தேன். எங்கள் பழைய போர்மேனையும் கூப்பிட்டுக் காட்டினேன். எதுவும் இல்லை. பிளேட் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கிறது. பேரிங்கில் கிரீஸ் கருகி மண்ணாகிவிட்டது. பெடலை அரைகுறையாக அழுத்தியபடியே மணிக்கணக்கில் ஓட்டினால்தான் இப்படி ஆகும். தயாரிப்புக் கோளாறு இல்லை, அக்கா. மன்றத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் அந்தக் கால் உன்னுடையது இல்லை.

ரப்பரைப் பார்த்தேன். அதன் இடது ஓரம் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. நடுவில் ஆழமான பள்ளங்கள், வரிசையாக. அது அடியில் கட்டை கட்டையாக ரப்பர் வைத்த பூட்ஸின் தடம். வெறுங்காலோடு ஓட்டுபவளின் பெடலில் அந்தத் தடம் எப்படி வரும்? உன் வீட்டில் பூட்ஸ் போட்டு வண்டி ஓட்டுபவர் ஒருவர்தான்.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நீ சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி என்று சிரித்துக்கொண்டே முடித்திருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர் கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டு ஓட்ட மாட்டார். அது எல்.போர்டுக்காரர்களின் தவறு. எனக்கு முதலில் வண்டி பழக்கியவரே மாமாதான். பெடலில் இருந்து காலை எடுக்க மறந்தால் முழங்காலில் தட்டுவார். அவரே அப்படிச் செய்கிறார் என்றால், கால் அங்கே இருப்பது அவருக்குத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போர்மேனிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர், "எங்க பெரியண்ணனுக்கு இப்படித்தான் இருந்தது. பாதம் மரத்துப் போச்சு. சர்க்கரை" என்றார்.

மாமாவுக்கு வீட்டில் செருப்பு தானாகக் கழன்று போகிறதா? படியில் தடுக்குகிறதா? அவர் ஓட்டும் பஸ்ஸில் கிளட்ச் எத்தனை முறை மாற்றினார்கள்? ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறாயே, அவருக்கு எப்போதாவது எடுத்தாயா?

நான் மெக்கானிக், டாக்டர் இல்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லது. நீ என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் அவர் பின்னால் தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தள்ளிப் போடாதே.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டேன். "இவன் கம்பெனியைக் காப்பாத்த என் புருஷனை நோயாளி ஆக்கறான்"னு வாய்விட்டே சொன்னேன். அப்புறம் குப்பைக்கூடையில இருந்து பொறுக்கி, தரையில வச்சு ஒட்டிப் படிச்சேன். செருப்பு கழண்டு போறதுங்கற வரி வந்ததும் எழுந்து மாடிப்படியைப் போய்ப் பார்த்தேன். ஆறு மாசமா அவர் செருப்பு ஒண்ணு மாடிப்படியில கிடக்கும், இன்னொண்ணு வாசல்ல கிடக்கும். ஒழுங்கா கழட்ட மாட்டீங்களான்னு கத்திக்கிட்டிருந்தேன்டா நான்.

ஞாயித்துக்கிழமை காலையில பாப்பா டியூஷனுக்குப் போனதும் ரத்தம் எடுக்கற பையைத் திறந்தேன். "உட்காருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்"னேன். விரல்ல குத்தினேன். மீட்டர்ல சர்க்கரை முந்நூறுக்கு மேல காட்டிச்சு. "காலை நீட்டுங்க"ன்னேன். "கால்ல எதுக்கு?"ன்னார். "சும்மா நீட்டுங்க. கண்ணை மூடிக்குங்க."

இடது பெருவிரல் அடியில ஊசியால தொட்டேன். அசையல. நடுப் பாதத்துல கொஞ்சம் அழுத்தமா குத்தினேன். அசையல. குதிகால்ல ரத்தப் பொட்டே வந்துடுச்சு. அவர் கண்ணை மூடிக்கிட்டு, முகத்தைச் சுளிச்சுத் தயாரா வச்சுக்கிட்டு, "எப்ப குத்தப் போற?"ன்னு கேட்டார்.

நான் அழுதுட்டேன். அவர் கண்ணைத் திறந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். மூணு இடத்துலயும் ஊசித் தடம்.

அப்புறம் அவரே சொன்னார். எட்டு மாசமா பாதம் பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்காம். முதல்ல இடது, இப்ப வலதும் கொஞ்சம். "கால் பெடல் மேல இருக்கா, கீழ இருக்கான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது. பஸ்ல எங்க குனியறது?" பஸ்ஸுக்கு இந்த வருஷம் ரெண்டு கிளட்ச் மாத்தினாங்களாம். மட்டமான சாமான்னு அங்க இருக்கற மெக்கானிக்கோட சண்டை போட்டிருக்கார். வருஷா வருஷம் பரிசோதனைல கண்ணை மட்டும்தான் பார்க்கறாங்க, காலை யார் பார்க்கறா?

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ உடனே நிறுத்திடுவ. ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அது மட்டும் கேக்காம இருக்க முடியல. "அன்னைக்கு சர்வீஸ் சென்டர்ல ஏன் சிரிச்சீங்க?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "அந்தக் கவுண்டர்காரன் தப்பு உன்னோடதுன்னு சொன்னப்போ எனக்கு மூச்சு வந்துச்சு. நான் இல்லன்னு ஒரு நாளாவது நம்பலாம்னு தோணிச்சு."

பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவர். அந்த வார்த்தையை எங்க வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. சர்க்கரையை மாத்திரையில பிடிக்கலாம். இதுக்கு என்ன மருந்து?

காய்ச்சல்னு சொல்லி ஒரு வாரம் லீவு போட வச்சிருக்கேன். வண்டிச் சாவி என் பையில. டாக்டர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார். லீவு முடிஞ்சதும் கம்பெனியில என்ன சொல்றதுன்னு பேச்சே எடுக்க விட மாட்டேங்கறார். "மாத்திரை போட்டா சரியாயிடும், இன்னும் மூணு வருஷம் ஓட்டிடறேன்"ங்கறார். நான் போய் சொல்லவா? சொன்னா இந்த ஜென்மத்துக்கு என்னை மன்னிப்பாரா? சொல்லாம இருந்தா என்னை நானே மன்னிப்பேனா?

எனக்கு மனு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ என்ன சொல்ற?

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நேற்று போன் செய்தேன், நீ எடுத்தாய், இரண்டு பேருமே பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ போய்ச் சொல்லாதே. அவரே சொல்லட்டும், அதற்கு அவருக்கு இடம் கொடு. ஆனால் லீவு முடிந்து அவர் பஸ்ஸில் ஏறினால் அந்த நிமிடமே நீ சொல்லிவிடு. நான் சொன்னேன் என்றே சொல். கோபம் என் மேல் போகட்டும். நான் தூரத்தில் இருப்பவன், தாங்கிக்கொள்வேன்.

அவர் சிரித்ததைப் பற்றி எனக்குப் பேச அருகதை இல்லை. அவர் பயத்தில் பழியை உன் மேல் போட்டார். நான் சோம்பேறித்தனத்தில் போட்டேன். நான் எழுதியது கடைசியில் சரியாகிவிட்டதே என்று மேலாளர் தட்டிக்கொடுத்தார். எனக்குக் கூசியது. பார்க்காமல் எழுதிய பதில் சரியாக அமைந்தால், அடுத்த முறையும் பார்க்கத் தோன்றாது.

அதனால் ஒரு வேலை செய்தேன். இந்த வருடம் புகைப்படத்தை மட்டும் பார்த்து நான் நிராகரித்த கிளட்ச் கோப்புகளை எடுத்தேன். நாற்பத்தொன்று. பாகங்களைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பன்னிரண்டுதான் கிடைத்தது. அதில் இரண்டில் எண்ணெய் சீல் கசிந்து பிளேட் வழுக்கியிருக்கிறது. ஓட்டியவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு பேருக்கும் மாற்றி எழுதிவிட்டேன். கிடைக்காத இருபத்தொன்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலாளர் இப்போது என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, மேசை அமைதியாக இருக்கிறது.

மாமாவிடம் ஒன்று சொல். பெடலில் இருந்து காலை எடுக்கக் கற்றுக் கொடுத்தது அவர்தான், அதை நான் மறக்கவில்லை என்று.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை கை தானா வந்துடுச்சு பார்த்தியா.

பெடல் விஷயமா நீ சொல்லச் சொன்னதை அவர்கிட்ட சொன்னேன். ஒரு 'ம்' மட்டும் போட்டார்.

டாக்டர் பூட்ஸைக் கழட்டி, அவர் பாதத்தை லைட் அடியில வச்சுப் பார்த்தார். சின்னக் கல் ஒண்ணு பூட்ஸுக்குள்ள இருந்திருக்கு. எத்தனை நாளோ தெரியல. இடது சுண்டுவிரல் பக்கம் காய்ப்புக்கு அடியில குழி விழுந்து உள்ளே சீழ். இவருக்கு ஒண்ணுமே தெரியல. "இன்னும் ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும், காலையே எடுக்க வேண்டியும் வந்திருக்கலாம்"னார் டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டார். "என் தம்பி கார் கிளட்சைப் பார்த்து சொன்னான்"னேன். அவர் நான் விளையாடறேன்னு நினைச்சுக்கிட்டார்.

லீவை இன்னொரு வாரம் நீட்டினார். அது முடிஞ்ச திங்கட்கிழமை காலையில எழுந்து பார்த்தா, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நிக்கறார். பஸ்ஸுல ஏறினா உடனே சொல்லிடுன்னு நீ எழுதினதை மனசுல ஓட்டிப் பார்த்துக்கிட்டேன். அவர் கையை நீட்டல, சாவி கேக்கல. "வண்டியை எடு. ஷெட்டுல கொண்டு விடு"ன்னார். அங்க அவர் மட்டும் இறங்கி உள்ள போனார். நான் கார்லயே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். வெளிய வந்தப்போ சட்டைப் பையில குத்தியிருந்த டிரைவர் பேட்ஜ் இல்ல. "சொல்லிட்டேன். பஸ்களுக்கு நேரம் போடற மேசையில உட்கார வைக்கிறாங்களாம். பார்க்கலாம்"னார். குரல் ஒண்ணும் மாறல. கண்ணாடி வழியா தெருவையே பார்த்துக்கிட்டு வந்தார்.

வீட்டுக்குத் திரும்பற இடத்துல, "நேரா போ"ன்னார். போனேன். சர்வீஸ் சென்டர் வாசல்ல நிறுத்தச் சொன்னார். வேண்டாம்னேன், கேக்கல. கட்டுப் போட்ட காலோட மெல்ல நடந்து கவுண்டர்ல போய் நின்னார். அதே ஆள். காத்திருக்கறவங்க ஆறேழு பேர். "தம்பி, ரெண்டு மாசம் முன்னாடி இவங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னீங்க. அது நான். என் காலு. இருபத்திரண்டு வருஷ டிரைவர்தான் தப்புப் பண்ணினது. அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல." அந்த ஆள் பேனாவைக் கீழ வச்சுட்டு, "பரவாயில்ல சார்"னார். "எனக்குப் பரவாயில்லைன்னு நீங்க சொல்லாதீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னார் இவர். அந்த ஆள் எழுந்து நின்னு, "சாரி மேடம்"னார். யாரும் சிரிக்கல.

என் கோபம் அதோட கரைஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டேன். நேத்துகூட பாத்திரத்தை டமார்னு வச்சேன். ஆனா ராத்திரியில அவர் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைச்சு, மருந்து போட்டுக் கட்டறது நான்தான். டாக்டர் தினமும் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். கோபத்தோடயும் அதைச் செய்ய முடியுதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.

மனுவைக் கிழிச்சுட்டேன். அந்த ரெண்டு பேருக்கு நீ மாத்தி எழுதினதைக் கேட்டு நிம்மதியா இருந்தது. மீதி இருபத்தொன்பது பேருக்கும் ஒரு கடிதமாவது எழுதிப் போடு. பாகம் இல்லன்னா என்ன, உன் கையெழுத்து இருக்கு இல்ல?

கால் திரும்ப உணருமான்னு டாக்டர் உறுதியா சொல்லல. சர்க்கரை குறைஞ்சா கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம்ங்கறார். நேத்து சாயங்காலம் பாப்பா அவர் பக்கத்துல உட்கார்ந்து, கட்டு இல்லாத பாதத்துல பென்சில் முனையால கிச்சுகிச்சு மூட்டினா. அவர் காலை இழுத்துக்கிட்டு, "ஐயோ விடுடி"ன்னு சிரிச்சார். நிஜமாவே கூசி சிரிச்சாரா, அவளுக்காக சிரிச்சாரா, தெரியல. நான் கேக்கல.

அக்கா